குரல் தூரமாகக் கேட்பது ஏன்? மைக் இடைவெளியும் ரிவர்ப்பும்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று நினைக்கிறேன். நேயர் ஒருவர் அனுப்பியிருக்கிறார், அப்படியே படிக்கிறேன். "என் அறையில் ஒரு கண்டென்சர் மைக் வைத்துப் பாடிப் பதிவு செய்கிறேன். மேசை மேல் ஸ்டாண்டில் மைக் இருக்கும், நான் இரண்டடி தள்ளி நின்று பாடுவேன். கேட்டுப் பார்த்தால் குரல் குளியலறையிலிருந்து வருவது போல இருக்கிறது. அதைச் சரிசெய்யலாம் என்று மென்பொருளில் ரிவர்ப் சேர்த்தால் இன்னும் மோசமாகிறது. ஆனால் வெளியாகும் பாடல்களில் என்னுடையதை விட அதிகமாக ரிவர்ப் இருக்கிறது, அப்படியும் பாடகர் காதுக்கு அருகில் பாடுவது போலத்தான் இருக்கிறது. இது எப்படி? நான் வேறு மைக் வாங்க வேண்டுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வாங்க வேண்டாம். இருக்கிற மைக்கே போதும். காரணம் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. "இரண்டடி தள்ளி" என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, முக்கால்வாசிப் பிரச்சினை அந்த இரண்டடியில்தான். மீதி மேசையிலும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவரிலும் இருக்கிறது.

நீங்கள் பாடும்போது குரல் வாயிலிருந்து எல்லாப் பக்கமும் போகிறது. அதில் ஒரு பகுதி மட்டும் நேராக மைக்குக்கு வருகிறது. மற்றதெல்லாம் சுவர், தரை, கூரை என்று மோதித் திரும்பி, மறுபடி மோதி, கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழந்து அடங்குகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மூன்றரை மீட்டர் அகல அறையில் ஒரு நொடிக்குள் சுவருக்குச் சுவர் கிட்டத்தட்ட நூறு முறை போய்விடலாம். அத்தனை பிரதிபலிப்புகளும் ஒன்றோடொன்று கலந்து, தனித்தனியாகப் பிரிக்க முடியாத ஒரு வாலாகக் குரலுக்குப் பின்னால் வருகிறது. அதுதான் ரிவர்ப். அந்த வால் 60 டெசிபல் குறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் அதன் அளவு. இந்த அளவை முறைப்படுத்தியவர் ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த வாலஸ் சபைன். அங்கே ஒரு விரிவுரை அரங்கில் பேசினால் ஒலி அடங்க ஐந்து நொடிக்கு மேல் ஆனது, யார் பேசுவதும் புரியவில்லை. 1895-ல் அதைச் சரிசெய்யச் சொல்லி அவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் இரவு நேரங்களில் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு நேரம் குறைகிறது என்று அளந்தார். அறையின் கன அளவு, அதில் ஒலியை உறிஞ்சும் பரப்பு, இந்த இரண்டும்தான் ரிவர்ப்பின் நீளத்தைத் தீர்மானிக்கின்றன என்பது அப்படித்தான் வெளிவந்தது. காலி அறையும் துணியும் புத்தகமும் நிறைந்த அறையும் வேறு வேறாக ஒலிப்பது இதனால்தான்.

சரி, இப்போது இரண்டடி விஷயத்துக்கு வருவோம். வாயிலிருந்து நேராக வருகிற ஒலி, தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறையும். ஆனால் அறை முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிற ரிவர்ப் அப்படிக் குறையாது. நீங்கள் மைக்கை அறையில் எங்கே வைத்தாலும் அது ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். இந்த ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள், பதிவு சம்பந்தப்பட்ட பாதிச் சந்தேகங்கள் இதிலேயே தீர்ந்துவிடும். 15 சென்டிமீட்டரில் பாடுகிறவர் 60 சென்டிமீட்டருக்குத் தள்ளிப் போனால் தூரம் இரண்டு முறை இரட்டிப்பாகிறது, நேரடிக் குரல் 12 டெசிபல் குறைகிறது. குரல் சின்னதாகிவிட்டதே என்று கெயினை, அதாவது மைக்கிலிருந்து வருகிற சத்தத்தைப் பெரிதாக்குகிற குமிழை, 12 டெசிபல் ஏற்றுகிறோம். குரல் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது, ஆனால் அறையும் அதே 12 டெசிபல் ஏறிவிடுகிறது. மின்விசிறிச் சத்தமும் கூடவே ஏறுகிறது. உங்கள் பதிவில் நடப்பது இதுதான்.

நேரடி ஒலியும் அறையின் ஒலியும் சரிசமமாகிற ஒரு தூரம் ஒவ்வொரு அறைக்கும் உண்டு. ஒலிப்பொறியாளர்கள் அதை கிரிட்டிக்கல் டிஸ்டன்ஸ் என்பார்கள். பெரிய இசையரங்கம் ஒன்றில் அது 5 மீட்டர் அளவுக்குக்கூட இருக்கும். நாம் தூங்குகிற அளவு அறையில், வெறும் சுவரும் வெறும் தரையுமாக இருந்தால், சுமார் அரை மீட்டர்தான். முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்கிற கார்டியாய்டு மைக்காக இருந்தால் 1.7 மடங்கு தள்ளலாம், அவ்வளவுதான் சலுகை. இரண்டடி என்பது சுமார் 60 சென்டிமீட்டர். அதாவது நீங்கள் அந்த எல்லையை ஒட்டி நின்று பாடிக்கொண்டிருக்கிறீர்கள். அங்கே நின்று பாடினால் மைக் உங்களை எவ்வளவு கேட்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு அறையையும் கேட்கும்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: சின்ன அறையின் ரிவர்ப் அரை நொடிகூட நீளாதே, அரங்கத்தில் இரண்டு நொடி நீள்கிறதே, அது அழகாகவும் இது அசிங்கமாகவும் கேட்பானேன்? நல்ல கேள்வி. சின்ன அறையில் தொல்லை தருவது வாலின் நீளம் இல்லை, முதல் பிரதிபலிப்புகள் வந்து சேருகிற வேகம். மேசை மேல் பட்டு வருகிற ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். நேராக வருவதை விட அது 34 சென்டிமீட்டர் அதிகம் பயணம் செய்து வருகிறது என்றால், ஒரு மில்லிசெகண்ட் தாமதம். அந்த ஒரு மில்லிசெகண்ட் தாமதத்தில் 500 ஹெர்ட்ஸ், 1500 ஹெர்ட்ஸ், 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில இடங்களில் இரண்டு ஒலிகளும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும், நடுவில் இருக்கிற இடங்களில் ஒன்றையொன்று கூட்டிக்கொள்ளும். குரலின் நிறமே மாறிவிடும். டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல என்று சொல்கிறோமே, அந்தத் தன்மை இதிலிருந்துதான் பெருமளவு வருகிறது. கீழ் ஒலி, மேல் ஒலி என்று தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஈக்யூ வைத்து இதை நேராக்க முடியாது. நீங்கள் தலையை நாலு விரல் நகர்த்தினாலே அந்தக் குழிகள் வேறு இடத்துக்குப் போய்விடும். ஆகவே மேசையை விட்டு மைக்கை எடுங்கள். தரையில் நிற்கிற ஸ்டாண்டில் வையுங்கள். பாடல் வரிகளைப் பார்த்துப் பாட வேண்டுமென்றால் அந்தத் தாளையும் தட்டையாக மைக்குக்குக் கீழே வைக்காமல், ஒலி வேறு பக்கம் போகும்படி சாய்த்து வையுங்கள்.

அடுத்து, வெளியாகும் பாடல்களில் அவ்வளவு ரிவர்ப் இருந்தும் பாடகர் பக்கத்தில் இருப்பது எப்படி என்பது. கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நம் காது தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறது என்று பார்க்க வேண்டும். நேரடி ஒலிக்கும் பிரதிபலிப்புக்கும் உள்ள விகிதம் ஒன்று. நேரடி ஒலி வந்து எவ்வளவு நேரம் கழித்து முதல் பிரதிபலிப்பு வருகிறது என்பது இன்னொன்று. ஒருவர் உங்கள் பக்கத்தில் நின்று, சுவர்கள் எல்லாம் தொலைவில் இருந்தால், அவர் குரல் முதலில் தனியாக வந்துவிடும். சுவரின் பதில் சற்றுப் பொறுத்துத்தான் வரும். ரிவர்ப் மென்பொருளில் ப்ரீ-டிலே என்று ஒரு குமிழ் இருக்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை. அது செய்வது இதைத்தான். 40 மில்லிசெகண்ட் வைத்தால், ஒலி கிட்டத்தட்ட 14 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்த மாதிரி. பாடகர் இங்கே, சுவர் அங்கே என்று காது புரிந்துகொள்கிறது. அந்த 40 மில்லிசெகண்டுக்குள் எழுத்தின் தொடக்கம் சுத்தமாக வெளியே வந்துவிடுவதால் வார்த்தையும் புரிகிறது.

உங்கள் பதிவில் இது ஏன் வேலை செய்யவில்லை? ரிவர்ப் சேர்க்கும்போது நீங்கள் குரலை மட்டும் அதற்குள் அனுப்பவில்லை, குரலோடு ஒட்டியிருக்கிற உங்கள் அறையையும் அனுப்புகிறீர்கள். சின்ன அறையின் அந்த டப்பா ஒலி பெரிய மண்டபத்தில் ஒலிக்கிறது. காதுக்கு இரண்டு அறைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கேட்கின்றன. பதிவில் ஏறிவிட்ட அறையைப் பின்னால் பிரித்தெடுப்பது மிகக் கடினம். ரிவர்ப்பைக் குறைக்கிற மென்பொருள்கள் வந்திருக்கின்றன, பேச்சுக்கு ஓரளவு உதவுகின்றன. பாட்டில், நீண்ட சுரத்தை இழுத்துப் பிடிக்கிற இடத்தில், எது குரல் எது வால் என்று அவை தடுமாறும். அதை நம்பிப் பதிவு செய்யாதீர்கள்.

ஸ்டூடியோக்களில் இந்தப் பிரிவினை எப்போதோ வந்துவிட்டது. குரலை நெருக்கமாகப் பதிவு செய்வது ஒரு வேலை, அதற்கு இடத்தைக் கொடுப்பது தனி வேலை. 1947-ல் பில் புட்னம் என்ற பொறியாளர், ஒரு ஹார்மோனிகா குழுவின் பதிவுக்காக, ஸ்டூடியோவின் குளியலறையில் ஒரு ஒலிபெருக்கியையும் ஒரு மைக்கையும் வைத்து, பதிவான இசையை அங்கே ஒலிக்கவிட்டு, திரும்பி வந்ததைத் தேவையான அளவு கலந்தார். குளியலறை என்று நீங்கள் குறையாகச் சொல்வதை அவர் வேண்டுமென்றே பயன்படுத்தினார். ஆனால் எவ்வளவு என்பது அவர் கையில் இருந்தது. பிறகு 1957-ல் இஎம்டி என்ற நிறுவனத்தின் இஎம்டி 140 வந்தது, பெரிய எஃகுத் தகடு ஒன்றைச் சட்டத்தில் தொங்கவிட்டு அதை அதிரச் செய்து ரிவர்ப் உண்டாக்குகிற கருவி. 1976-ல் அதே நிறுவனத்தின் இஎம்டி 250 டிஜிட்டலில் அதைச் செய்தது. இன்றைக்கு மென்பொருளில் பிளேட், சேம்பர், ஹால் என்று பெயர்கள் பார்க்கிறீர்களே, எல்லாம் இந்தப் பொருள்களின், இடங்களின் நகல்கள்.

அறையையே நேரடியாகப் பயன்படுத்தி, அதையும் கட்டுக்குள் வைத்த ஒரு பதிவு உண்டு. ஆங்கிலப் பாடகர் டேவிட் போவியின் 'ஹீரோஸ்' பாட்டு, 1977, பெர்லினில் ஹான்சா ஸ்டூடியோவின் பெரிய அரங்கம். தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி மூன்று மைக் வைத்தார். ஒன்று வாய்க்கு அருகில், ஒரு சாண் தூரத்தில். இரண்டாவது சுமார் 20 அடியில், மூன்றாவது சுமார் 50 அடியில். தள்ளியிருந்த இரண்டுக்கும் கேட் போட்டிருந்தார், குரல் ஒரு அளவுக்கு மேல் உயர்ந்தால்தான் அவை திறக்கும். மெதுவாகப் பாடும்போது பக்கத்து மைக் மட்டும், குரல் ஏற ஏற அரங்கம் ஒவ்வொரு அடுக்காகத் திறக்கும். நல்ல ஹெட்போனில் அதைக் கேளுங்கள். இதுவரை நான் இடைவெளி பற்றிச் சொன்னதெல்லாம் அந்த ஒரு பாட்டில் காதுக்குத் தெரியும்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. வாய்க்கும் மைக்குக்கும் நடுவே ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, 15 முதல் 20 சென்டிமீட்டர் வைத்துத் தொடங்குங்கள். இவ்வளவு பக்கத்தில் வந்தால் இரண்டு புதுத் தொல்லைகள் வரும். முதலாவது, 'ப' வருகிற இடங்களில் காற்று மைக்கில் மோதி 'டப்' என்று கேட்கும். மைக்குக்கு முன்னால் வைத்துக் காற்றைத் தடுக்கிற வலையான பாப் ஃபில்டர் போடுங்கள். அதை விடவும் நல்லது, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மூக்கு உயரத்துக்கு ஏற்றி வாயை நோக்கிச் சாய்ப்பது, அல்லது கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி வைப்பது. காற்று நேராகப் போய்விடும், குரல் மட்டும் மைக்குக்கு வரும். 'ஸ', 'ச' குத்துவதும் இதில் கொஞ்சம் தணியும். இரண்டாவது, கார்டியாய்டு போன்ற திசை சார்ந்த மைக்குகளில் மிக நெருங்கினால் கீழ் ஒலிகள் பருத்துவிடும். பிராக்ஸிமிட்டி எஃபெக்ட் என்பது இது. 5 சென்டிமீட்டருக்குள் போனால் குரல் கனமாகி, சில குரல்களுக்கு அது அழகாகவும் இருக்கும், பல குரல்களுக்குக் குழறலாகும். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள், ஆனால் பாட்டு முழுக்க ஒரே இடத்தில் நில்லுங்கள். ஒரு வரி 10 சென்டிமீட்டரிலும் அடுத்த வரி 30 சென்டிமீட்டரிலும் பாடினால் அளவு மட்டும் மாறாது, குரலின் கனமும் மாறும், அறையின் பங்கும் மாறும். அளவைக் கம்ப்ரசர் ஓரளவு சமன் செய்யும், மற்ற இரண்டை அது தொடாது. உச்சத்தில் ஓங்கிப் பாடுகிற இடத்தில் ஒரு சாண் பின்னால் சாய்வது நல்ல பழக்கம்தான், அதைத் தாண்டிப் போக வேண்டாம். மேடையில் மைக்கைக் கையால் தூரமாக இழுக்கிற பழக்கம் பதிவுக்குப் பொருந்தாது.

அப்புறம் சுவர். இதில் பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். மைக்குக்குப் பின்னால் அரைவட்டமாக ஒரு நுரைத் தடுப்பு வாங்கி வைக்கிறார்கள். கார்டியாய்டு மைக்கின் பின்பக்கம் ஏற்கெனவே காது கேளாத பக்கம். அது நன்றாகக் கேட்பது முன்பக்கம், அங்கே நீங்கள் நிற்கிறீர்கள், உங்களுக்குப் பின்னால் ஒரு வெறும் சுவர் நிற்கிறது. மைக் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே கையில் ஒரு தடித்த கம்பளி இருந்தால் அதை உங்கள் முதுகுப் பக்கம் தொங்கவிடுங்கள், சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு. அந்த இடைவெளி இருந்தால் கீழ் ஒலிகளையும் சற்று உறிஞ்சும். துணிகள் நிறைந்த திறந்த அலமாரி முதுகுக்குப் பின்னால் வந்தால் இன்னும் நல்லது. அறையின் நட்டநடுவிலும் வேண்டாம், மூலையிலும் வேண்டாம்.

மெல்லிய நுரை ஷீட்டைச் சுவர் முழுக்க ஒட்டுவது பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: செய்யாதீர்கள். 200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கே 43 சென்டிமீட்டர் வரும். இரண்டு சென்டிமீட்டர் நுரை அதை என்ன செய்ய முடியும்? மேல் ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு, கீழே முழங்குவதை அப்படியே விட்டுவிடும். அறை மந்தமாகவும் முழக்கமாகவும் ஒரே நேரத்தில் ஆகிவிடும்.

கண்டென்சர் மைக் அறையை அதிகம் இழுக்கிறது, டைனமிக் என்கிற இன்னொரு வகை மைக் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கண்டென்சரின் உணர்திறன் அதிகம், உண்மைதான். ஆனால் அது குரலுக்கும் அறைக்கும் ஒரே அளவில்தான் அதிகம். ஒரே திசைத்தன்மை உள்ள இரண்டு மைக்கை ஒரே தூரத்தில் வைத்து அளவைச் சமன் செய்தால், அறையின் பங்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். டைனமிக்கில் அறை குறைவாகக் கேட்பதற்குப் பெரிய காரணம், அதை எல்லோரும் வாய்க்கு ஒட்டி வைத்துப் பயன்படுத்துவது. மேல் ஒலிகளில் அது கொஞ்சம் மந்தம் என்பதும் ஒரு காரணம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எல்லாக் கருவிகளையும் ஒரு சாணில் வைத்துப் பதிவு செய்யக் கூடாது. வயலினில் அதன் உடல் முழுவதும் ஒலிக்கிறது, மேல் பலகையின் வெவ்வேறு இடங்களிலிருந்து வெவ்வேறு நிறங்கள் வருகின்றன, அவை சேர்ந்து வயலினாக ஆவதற்குக் கொஞ்சம் தூரம் வேண்டும். ஒட்டி வைத்தால் வில் உரசுகிற சத்தம்தான் பிரதானமாகும். கிட்டாரில் துளைக்கு நேராக வைத்தால் முழங்கும். கழுத்து உடலைச் சந்திக்கிற இடத்தை நோக்கி, ஒன்று அல்லது ஒன்றரைச் சாணில் வைத்துப் பாருங்கள். பத்துப் பேர் சேர்ந்து பாடுகிற கூட்டுப்பாட்டில் அறைதான் அவர்களை ஒரே குரலாகச் சேர்க்கிறது, அங்கே தள்ளி வைப்பதுதான் சரி. அதற்கு நல்ல அறை வேண்டும் என்பது வேறு விஷயம்.

மென்பொருளில் ரிவர்ப் சேர்க்கும்போது குரல் டிராக்கின் மேலேயே போடாமல் சென்ட் வழியாக, அதாவது குரலின் ஒரு நகலைத் தனிப் பாதையில், ரிவர்ப்புக்கு அனுப்புங்கள். அப்போது குரல் முழுதாக இருக்கும், ரிவர்ப் எவ்வளவு என்பதைத் தனிக் குமிழால் கூட்டலாம், குறைக்கலாம். அந்த ரிவர்ப் பாதையில் சுமார் 500, 600 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுங்கள். கீழே வெட்டினால் சேறு போகும், மேலே வெட்டினால் 'ஸ' சிதறாது. நீளத்தைப் பாட்டின் வேகம் சொல்லும். நிமிடத்துக்கு 80 தாளம் என்றால் ஒரு தாளம் 750 மில்லிசெகண்ட். வார்த்தைகள் நெருக்கமாக வருகிற பாட்டில் ஒரு உயிரெழுத்தின் வால் அடுத்த மெய்யெழுத்தின் மேல் விழுந்தால் வரி புரியாது, அங்கே நீளத்தைக் குறையுங்கள். வார்த்தைகளுக்கு நடுவே இடம் விட்டு நகர்கிற மெதுவான பாட்டில் இரண்டு நொடி, இரண்டரை நொடிகூடத் தாங்கும். பாடும்போது ஹெட்போனில் ரிவர்ப் வேண்டும் என்றால் தாராளமாகக் கொடுத்துக்கொள்ளுங்கள், பாடுகிறவருக்கு அது தைரியம் தரும். ஆனால் கேட்பதற்கு மட்டும், பதிவில் ஏற வேண்டாம். சுருதி தெளிவாகத் தெரிகிற அளவுக்கு மேல் அதையும் ஏற்ற வேண்டாம்.

ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருக்கிற பாடல்களை என்ன செய்வது என்று அடுத்து நினைப்பீர்கள். மறுபடி பாட முடியுமென்றால் மறுபடி பாடுங்கள், அதற்கு ஈடு கிடையாது. முடியாது என்றால், நீளமான ஹால் எதையும் போடாமல் குரலைச் சற்றுத் தாமதித்து எதிரொலி போலத் திரும்ப ஒலிக்கிற ஒரு டிலேயை மெலிதாகச் சேர்த்துப் பாருங்கள், இருக்கிற அறையோடு அது குறைவாகவே சண்டை போடும். மறுபடி பாடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். பாட்டின் ஒரே வரியை 10, 20, 40, 80 சென்டிமீட்டரில் நின்று நான்கு முறை பதிவு செய்யுங்கள். பின்பு நான்கையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள், இது முக்கியம், இல்லாவிட்டால் சத்தம் அதிகமானதுதான் நல்லது என்று காது ஏமாந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு வரிசையை மாற்றி மாற்றிக் கேளுங்கள். எந்தத் தூரத்தில் வரி முடிந்த பிறகு அறை கேட்கத் தொடங்குகிறதோ, அதற்கு ஒரு படி முன்னால்தான் உங்கள் இடம். தரையில் அங்கே ஒரு டேப் ஒட்டிவிட்டு, அடுத்த பதிவை அங்கே நின்று பாடி அனுப்புங்கள், கேட்டுவிட்டு ரிவர்ப் எவ்வளவு வைக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.